ஒட்டா, விதைக்கன்றா

"எத்தினி வருசம் பொறுப்பீங்க சார்?" என்று கேட்டுவிட்டு நர்சரிக்காரர் முனிரத்தினம் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயை அடுத்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போகிறார். காலையிலிருந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்கிற கேள்விதான் அது, மாங்கன்றுக்கு வந்தவனிடமும் கேட்டிருப்பார், சப்போட்டாவுக்கு வந்தவனிடமும் கேட்டிருப்பார். எனக்குத்தான் அது வேறு மாதிரி கேட்டது. என்ன சொல்ல, பார்த்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். எதைப் பார்த்து? ஒரு பலாக்கன்று வாங்க வந்த மனிதனுக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று அவர் நினைத்தால் அது நியாயம். ஒட்டு என்றால் மூன்று வருடம், விதைக்கன்று என்றால் ஏழு, எட்டு, சில சமயம் பத்துகூட ஆகும் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார், சுருக்கமாகத்தான் சொன்னார், அது வந்து காதுக்குள் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்கிறது. மூன்று. எட்டு. சட்டைப் பையில் இந்திராணி எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவளுடைய குண்டு எழுத்தில், எலுமிச்சை ஒன்று, கொய்யா ஒன்று பதியன், பலா ஒன்று விதைக்கன்று. விதைக்கன்று என்பதற்குக் கீழே ஒரு கோடு. கோடு வேறு போட்டிருக்கிறாள். முப்பத்தி ஐந்து வருடத்தில் மளிகைச் சீட்டில்கூட அவள் எதற்கும் கோடு போட்டது இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இந்திராணி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்த அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தாள், கதவு சாத்தும்வரை அவள் குரல் கேட்டது. கல்லீரல் வரைக்கும் வந்துவிட்டது என்றார். ஊசி போட்டு உடம்பைப் படுத்துவதில் அர்த்தம் இல்லை, ஒரு வருடம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் கொஞ்சம் என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். நான் வெளியே வந்து இந்திராணியிடம், கட்டி சுருங்கிவிட்டதாம், இனிமேல் ஊசி கிடையாது, மாத்திரை மட்டும் போதுமாம் என்றேன். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் "அப்பாடா" என்றாள். அந்த அப்பாடாவைக் கேட்டுக்கொண்டு நான் படியிறங்கினேன். போன திங்கட்கிழமை திடீரென்று, பின்பக்கம் இடம் சும்மாத்தானே கிடக்குது, நாலு மரம் வைக்கலாங்க என்றாள். வைக்கலாமே என்றேன். அவள் எதைக் கேட்டாலும் செய்யலாமே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது எனக்குத் தெரியவில்லை, கன்று வாங்குவது இப்படி ஒரு சங்கடமான காரியம் என்று. மற்ற வீட்டில் என்றால் எதை வாங்கிப் போனாலும் ஒன்றுதான். இவள் மாந்தோப்புக் குத்தகைக்காரர் மகள். காவேரிப்பட்டணம் பக்கம் தோப்புத் தோப்பாக அவள் அப்பா குத்தகை எடுத்தவர், இவள் பாவாடை கட்டின வயதிலேயே பூவைப் பார்த்து இந்த மரத்தில் எத்தனை கூடை இறங்கும் என்று சொன்னவள். பையில் இருக்கிற கன்றைப் பார்த்ததும் எந்த வருடம் காய்க்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எந்த வருடம் காய்க்கும் என்று நினைத்து நான் எடுத்தேன் என்பதும் தெரிந்துவிடும். அவள் எழுதிக் கொடுத்ததை மாற்றி, சீக்கிரம் காய்க்கிறதை நான் கொண்டு போய் இறக்கினால், டாக்டர் சொன்னதை நானே முற்றத்தில் கொண்டுபோய் இறக்கியது மாதிரிதான். எழுதியபடியே விதைக்கன்றை வாங்கினால், எட்டு வருடம் கழித்துக் காய்க்கிற மரத்துக்கு அவள் கையாலேயே குழிக்கு எரு போட வைத்து, நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். என்னால் ஆகாது. எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை. மூன்று வாரமாகப் பொய் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்து போயிருக்கிறேன், அதுதான் உண்மை.

எலுமிச்சையில் ஒரு தொந்தரவும் இல்லை. முள்ளு முள்ளாக இடுப்பு உயரத்தில் ஒன்றை எடுத்து வைத்தேன். கொய்யா பதியன், அது வைத்த மறு வருடமே காய்க்கும், அவளே பதியன் என்று எழுதியிருக்கிறாள், நல்லது, மறு வருடம். மறு வருடம் ஆடியில். இன்றைக்கு ஆடி எட்டு. கணக்குப் போடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பச்சை நிழல்வலைக்குக் கீழே செம்மண்ணும் தண்ணீரும் கலந்து ஒரு வாடை, சின்ன வயதில் என்றால் மண்ணை அள்ளி வாயில் போட்டிருப்பேன். முட்டி வலிக்கிறது. முப்பத்தி இரண்டு வருடம் மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கின முட்டி, ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் தினம் வலிக்கிறது. வரிசை முடிகிற இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் மாமரம் ஒன்று நிற்கிறது, என் தோள் உயரம் இருக்கும், அதில் மூன்று காய். நீலம் ஜாதி. கடைசிப் பருவத்துக் காய், ஒன்று மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அப்படியே மரத்தோடு தருவார்களாம், வண்டி வைத்துக் கொண்டுபோய் இறக்கினால் இந்த வாரமே பழம். நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவள் அதைப் பறிப்பது கண்ணில் வந்துவிட்டது. பறித்து, காம்பைக் கிள்ளி, பால் வடிய விட்டு, நைட்டியில் துடைத்து. சாப்பிடுவாளா? இப்போதெல்லாம் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. இருந்தாலும் அவள் மரம், அவள் காய். உடனே அடுத்த நினைப்பு வந்துவிட்டது. காய் தொங்குகிற மரத்தை ஒருவன் எதற்காக வாங்கி வருவான்? பொறுமை இல்லாதவன் வாங்குவான், இல்லாவிட்டால் நாள் இல்லாதவன். நான் பொறுமை இல்லாதவன் என்பது ஊருக்கே தெரியும், எங்கள் தெருவில் என்னோடு சண்டை போடாத வீடு என்று பார்த்தால் பூட்டிக் கிடக்கிற வீடுதான், அதனால் அவள் அப்படி எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ள மாட்டாள். மரத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், சரிங்க என்பாள். அந்தச் சரிங்கவைத்தான் என்னால் தாங்க முடியாது.

அவள் சரிங்க என்று சொன்னால் எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும் ஒரு விஷயத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளக் கூடியவள். ஊத்தங்கரையில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது அவள் அப்பா ஒரு ஒட்டு மாங்கன்று கொண்டுவந்து நட்டுக் கொடுத்தார், இமாம்பசந்த். அப்போது எனக்கு வேலையே மரம் வெட்டுவதுதான் என்று சொல்ல வேண்டும். மாசத்தில் ஒரு நாள் கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கம்பியில் உரசுகிற கிளையை எல்லாம் தொரட்டியால் இழுத்து வெட்டுவோம், வேப்பமரம், புங்கமரம், முருங்கை, எவன் வீட்டு மரம் என்று பார்க்க மாட்டோம், பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கன்றைப் பார்க்கிறேன், மேலே இருக்கிற குச்சி சுணங்கிப்போய் நாலு இலையோடு நிற்கிறது, கீழே வேருக்குப் பக்கத்தில் இருந்து ஒரு துளிர் தளதளவென்று வந்திருக்கிறது. நோஞ்சானை எடுத்துவிட்டால் இது நன்றாக வரும் என்று கத்தரியை வைத்து மேல் குச்சியை வெட்டிவிட்டேன். மேல் குச்சிதான் இமாம்பசந்த். கீழே வந்தது ஒட்டுக் கட்டுவதற்காக வைத்த வெறும் கொட்டைச் செடி. அது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருடம் அந்த மரத்துக்கு நான் தண்ணீர் ஊற்றினேன், பாத்தி கட்டினேன், வருகிறவர்களிடமெல்லாம் இமாம்பசந்த் என்று பெருமை அடித்தேன், அவளும் பக்கத்தில் நின்று காபி கொடுத்தாள். காய்த்தது. நாரும் புளிப்பும். பல்லில் நார் மாட்டிக்கொண்டு எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மண்ணு சரியில்லீங்க, அதான் என்றாள். வருடா வருடம் அதில் ஊறுகாய் போட்டாள். பிறகு அவள் தம்பி ஒருநாள் வந்து அடிமரத்தைப் பார்த்துவிட்டு, "என்னா மாமா, ஒட்டையே காணோம்?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஏன்டி சொல்லவில்லை என்று கத்தினேன். "ஆசையா வளத்தீங்க" என்றாள், அவ்வளவுதான். தெரிந்தே ஏழு வருடம் அவளால் சும்மா இருக்க முடிந்திருக்கிறது. எனக்கு இருபது நாளிலேயே மூச்சு முட்டுகிறது. ராத்திரி தூக்கம் இல்லை, மகள் புனேயிலிருந்து போன் பண்ணினால் பேச்சை மாற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். மகளுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் இந்திராணி ஏன் என்று கேட்பாள்.

பலா வரிசையில் இடது பக்கம் விதைக்கன்று, வலது பக்கம் ஒட்டு. நடுவில் நான். விதைக்கன்று ஒல்லியாக, நேராக, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் மாதிரி நிற்கிறது. ஒட்டில் ஒரு சாண் உயரத்தில், இரண்டு செடியைச் சேர்த்துக் கட்டின இடத்தில், பிளாஸ்டிக் நாடா சுற்றியிருக்கிறது. அந்த நாடாவைப் பிரித்து எறிந்துவிட்டு விதைக்கன்று என்று சொல்லிக் கொடுத்தால் என்ன என்றுகூட யோசித்தேன். எவ்வளவு கேவலமான யோசனை பாருங்கள், நாடாவைப் பிரித்தால் தழும்பு எங்கே போகும், குத்தகைக்காரர் மகளிடமா. அதோடு இந்தப் பலா எதற்கு என்பதே எனக்கு விளங்கவில்லை. பின்பக்கம் மொத்தமே ஒன்றரை சென்ட், பலா வைத்தால் பத்து வருடத்தில் வேர் காம்பவுண்டுச் சுவரைத் தூக்கும், இலை விழுந்து பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தாருடைய தண்ணீர்த் தொட்டி நிறையும், அவரோடு எனக்கு நாலு வருடமாகப் பேச்சு கிடையாது, சாக்கடை விஷயம். இந்திராணிக்கும் பலா என்றால் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. வயிற்றைப் புரட்டும் என்று இரண்டு சுளையோடு நிறுத்திக்கொள்வாள். பிறகு எதற்குக் கேட்டாள், அதிலும் விதைக்கன்று, அதிலும் கோடு போட்டு. நான் சொன்ன பொய்யை அவள் அப்படியே நம்பிவிட்டாள் என்றுதானே அர்த்தம். கட்டி சுருங்கிவிட்டது, இனி எட்டு வருடம் இருக்கப் போகிறோம், மெதுவாக வளரட்டும் என்று நினைக்கிறாள். அவள் நம்பிவிட்டாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முனிரத்தினம் அந்தப் பக்கம் இருந்ததால் தப்பித்தேன். கர்சீப்பால் வியர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன். எட்டு வருடத்துக்கான மரத்தை அவளுக்கு நான் வாங்கித் தரலாமா? தருவது பாவமா, தராமல் இருப்பது பாவமா? யாரிடம் கேட்பது?

"ஒட்டே எடுத்துக்கோங்க சார்" என்று முனிரத்தினம் பின்னாலிருந்து சொன்னார். "வயசானவங்க எல்லாம் இப்ப ஒட்டுதான் கேக்குறாங்க. வெதச்செடி நம்ம பேரப்புள்ளைங்களுக்குத்தான் ஆவும்." வயசானவங்க என்றதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, வழக்கமாக என்றால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன், கேட்கத் தெம்பில்லை. "மூணு வருசத்துல கண்டிப்பா காய்க்குமா?" என்று மட்டும் கேட்டேன். "நல்லா வெச்சிக்கினா ரெண்டரை வருசத்திலயே பிஞ்சு வுடும்." ரெண்டரை. ஒரு வருடம் என்றார் டாக்டர், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை நான் இழுத்துப் பார்க்கிறேன். கொஞ்சம் என்றால் ஆறு மாதமா, ஒரு வருடமா? டாக்டர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள், அது அவர்களுடைய பாதுகாப்புக்கு, மின்வாரியத்தில் நாங்கள்கூட மதியம் இரண்டு மணிக்கு வரப்போகிற கரண்ட்டை ஐந்து மணிக்கு என்றுதான் அறிவிப்போம். அப்படிப் பார்த்தால் ஒன்று இரண்டாகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால். கன்றையும் நன்றாகப் பார்த்துக்கொண்டால். இரண்டும் எங்கேயாவது ஒரு இடத்தில் வந்து தொட்டுக்கொள்ளாதா? ஒரு பிஞ்சு. பழம்கூட வேண்டாம், அடிமரத்தில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு பிஞ்சு, அதை அவள் பார்த்தால் போதும். ஒட்டை எடுங்க என்றேன். அவர் தூக்கிக்கொண்டுபோய் என் டிவிஎஸ் எக்ஸெல் வண்டியின் முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில் வைத்தார், எலுமிச்சையையும் கொய்யாவையும் பின்னால் கேரியரில் சணல் போட்டுக் கட்டினார். பணம் கொடுத்தேன். முடிவு பண்ணியாகிவிட்டது, இனிமேல் நிம்மதி வர வேண்டுமே, வரவில்லை. அவளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். விதைக்கன்று இல்லை என்றான். இருந்தது, எல்லாம் பூச்சி. போன மழையில் அழுகிப் போச்சாம். ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன், எல்லாம் கேட்டதுமே பொய் என்று தெரிகிற மாதிரிதான் இருந்தது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கப் போகும்போது போன் அடித்தது.

"எலுமிச்சை எடுத்துட்டீங்களா?" என்றாள். எடுத்துட்டேன் என்றேன். "பலா?" அதுவும் ஆச்சு என்றேன். "வெதச்செடிதான?" ஒத்திகை பார்த்த ஒன்றும் வாயில் வரவில்லை. "ஒட்டு" என்றேன், "நல்ல ஒட்டு இந்திரா, ரெண்டரை வருசத்துல பிஞ்சு வுடுமாம்." பின்னால் டிவியில் யாரோ சிரிக்கிற சத்தம், பிறகு அதை அவள் நிறுத்தினாள். "நான் என்னா எழுதிக் குடுத்தேன்?" "வெதச்செடின்னுதான் எழுதுன. அது எட்டு வருசம் ஆவும்மா." "ஆவட்டும்." "எட்டு வருசம்" என்று திரும்பவும் சொன்னேன். "உங்களுக்கு இப்ப அறுபத்தி ரெண்டு" என்றாள், சாதாரணமாக, சீட்டு வாசிக்கிற மாதிரி, "எழுபது வரைக்குமாவது காலைல எழுந்து தண்ணி ஊத்துறதுக்கு ஒரு வேலை வேணும் உங்களுக்கு. மூணு வருசம்லாம் பத்தாது. காய்ச்சிட்டா அப்புறம் திரும்பியும் பாக்க மாட்டீங்க, உங்களைத் தெரியாதா எனக்கு?" நாம ரெண்டு பேரும்தான ஊத்தப் போறோம் என்றேன். சொன்ன எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. "என்னை வுடுங்க" என்றாள். "இருவது நாளா நீங்க என்னைத் திட்டவே இல்லீங்க. முந்தாநேத்து ரசத்துல உப்பே போடல நான், வேணும்னுதான் போடல. தட்டை வழிச்சி சாப்புட்டு நல்லா இருக்குன்னு எழுந்து போறீங்க. டாக்டரு என்னா சொன்னாருன்னு தனியா வேற கேக்கணுமா நானு?" நான் வண்டியின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டேன். முனிரத்தினம் என்ன சார் என்கிற மாதிரி பார்த்தார், ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். "மூணு அடிக்கு உள்ள இருக்கறதா பாத்து எடுங்க" என்றாள் அவள், "பெருசா எடுத்தா பைக்குள்ள வேர் சுத்திக்கினு இருக்கும். தண்டு நேரா இருக்கணும். வெயிலுக்கு முன்ன வந்துடுங்க." வைத்துவிட்டாள்.

ஒட்டை இறக்கினேன். வீட்டில் விதைக்கன்றுதான் வேண்டுமாம் என்றேன், குரல் சரியாகத்தான் வந்தது. முனிரத்தினம் முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். நான் இடது வரிசையில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று தெரிந்தும் உட்கார்ந்தேன். மூன்று அடிக்குள். தண்டு நேராக. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், கண் மறைக்கிறது, துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன. அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சீட்டு எழுதினாள். நான் அவளுக்காக நாளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எனக்காக எண்ணியிருக்கிறாள், எழுபது என்று ஒரு வயதைக்கூட முடிவு செய்து வைத்திருக்கிறாள். எழுபது வயதில் நான். காலையில் எழுந்து தண்ணீர் ஊற்றிவிட்டு, அந்தச் சமையலறையில் எனக்கு நானே காபி போட்டுக்கொண்டு. முதல் பழம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், பத்துக் கிலோ, பதினைந்து கிலோ, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தரையில் பேப்பர் விரித்து அதை வெட்டுகிறேன், வீடு முழுக்க வாசனை, எதிரே உட்கார யாரும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. மூன்று வாரமாக எங்கே போயிருந்ததோ அந்தக் கோபம், காலிலிருந்து ஏறி வந்தது. இவள் யார் எனக்கு மரத்தை வைத்துக் காவல் போடுவதற்கு? போனை எடுத்து நானே போட்டேன், இரண்டாவது மணியில் எடுத்தாள், எடுத்ததும் கத்தினேன், நர்சரி முழுக்கக் கேட்டிருக்கும். "அறிவிருக்காடி உனக்கு? ஒரு முழுப் பலாப்பழத்த நான் ஒண்டி ஆளா எப்பிடிடி தின்னுவேன்?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு சத்தம் கேட்டது, சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"முடியாதில்ல?" என்றாள். "நாலு வீட்டுக் கதவைத் தட்டித்தான ஆவணும் நீங்க? அதுக்குத்தாங்க பலா எழுதுனேன்."